விதியை மாற்றினால் ஆட்டம் மாறிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுகள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 13. பெருமூளை வாதத்தால் கையும் காலும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சும் தெளிவாக வராது. தம்பி விளையாடுவதை மின்சக்கர நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவள் ஆடக்கூடிய ஆட்டம் ஏதேனும் உண்டா? அவள் மகிழ்ச்சிக்காக நாங்கள் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் ஆட்டத்தைக் கேட்கவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, பாதிச் சிக்கலை நீங்களே தீர்த்துவிட்டீர்கள். உங்கள் மகளுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டிய ஆட்டம் போச்சியா. 12.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்ட சமதளத் தரையில், ஒருவருக்கு 6 சிவப்புப் பந்துகள், மற்றவருக்கு 6 நீலப் பந்துகள், பொதுவாக ஒரு வெள்ளைப் பந்து. வெள்ளைப் பந்தை முதலில் எறிந்துவிட்டு, அதற்கு அருகில் யாருடைய பந்து போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டைப் போலத் தோன்றும். ஆனால் எதிராளியின் பந்தைத் தட்டி விலக்குவதா, வெள்ளைப் பந்தையே வேறிடத்துக்குத் தள்ளுவதா, தன் பந்தை வழிமறிக்கும்படி நிறுத்துவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், இதற்குச் சதுரங்கத்துக்கு வேண்டிய அளவு யோசனை வேண்டும். 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் இந்த ஆட்டத்துக்கு ஒலிம்பிக்கில் இணை கிடையாது.

கையால் எறிய இயலாதவர்கள் சாய்வான தடம் ஒன்றின் வழியாகப் பந்தை உருட்டிவிடலாம். தடத்தை நகர்த்தித்தர உதவியாளர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் இருக்க வேண்டும், ஆட்டத்தின்போது திரும்பிப் பார்ப்பது குற்றம். ஒரு பயிற்சிக் கூடத்தில் நான் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைப்பட்டையில் பொருத்திய கோலின் நுனியால் பந்தைத் தடுத்துப் பிடித்திருந்த ஒரு சிறுமி, கண்ணை இடப்பக்கம் ஓட்டினாள். அவளுடைய அம்மா தடத்தை ஒரு விரற்கடை நகர்த்தினார். போதவில்லை என்று கண் மறுபடியும் ஓடியது. இன்னும் ஒரு நூலளவு நகர்ந்தது. தலையை மெல்ல உயர்த்தினாள், பந்து உருண்டது, எங்கோ 'டக்' என்று மோதியது. அம்மா அப்போதும் திரும்பவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துத்தான் பந்து எங்கே நின்றது என்று தெரிந்துகொண்டார்.

வீட்டில் தொடங்குவதற்கு நெடுக்காகப் பிளந்த ஒரு பிளாஸ்டிக் குழாயும் கையடக்கமான சில பந்துகளும் போதும். ஒரே ஒரு நிபந்தனை: எங்கே குறிவைப்பது என்று நீங்கள் சொல்லக் கூடாது. தம்பியையும் அதே தடத்தில் ஆடச் சொல்லுங்கள். அவன் தோற்றால் உண்மையாகவே தோற்கட்டும்.

கேள்வி: விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட ஆசை. அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலியிலேயே ஆடலாமா? உடலுக்குக் கேடு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: முதல் சில நாட்கள் பழகிப்பார்க்க அன்றாட நாற்காலி போதும், மோதல் இல்லாத பயிற்சிக்கு மட்டும். ஆட்டத்துக்கான நாற்காலியின் சக்கரங்கள் மேலே நெருங்கியும் கீழே அகன்றும் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால்தான் சட்டென்று திரும்பும்போது நாற்காலி பக்கவாட்டில் கவிழ்வதில்லை, பக்கத்து நாற்காலியோடு மோதும்போது கைவிரல்களும் நசுங்குவதில்லை. பின்னால் சாய்ந்து விழாமலிருக்க ஒரு சிறு சக்கரமும் இருக்கும்.

வீட்டாரின் கவலையை முழுவதும் தள்ளிவிட முடியாது. உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. உணர்வில்லாத பகுதியில் வியர்வை சரியாகச் சுரக்காது என்பதால் உடல் சூடு எளிதில் ஏறிவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துவதும், இடைவேளையில் முகத்திலும் கழுத்திலும் நீர் தெளித்துக்கொள்வதும் அவசியம். அடுத்தது, ஒரே இடம் நெடுநேரம் அழுந்துவதால் தோலில் வரும் அழுத்தப்புண்: இடையிடையே கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளுங்கள், ஆடி முடித்ததும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள், சிவந்த இடம் வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது ஆறும்வரை ஆட்டம் வேண்டாம். மூன்றாவதுதான் ஆபத்தானது. முதுகெலும்பின் 6-வது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பது, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கிக்கொள்வது, இடுப்புப் பட்டை இறுகுவது போன்ற சிறிய காரணங்களால்கூட இரத்த அழுத்தம் திடீரென்று எகிறக்கூடும். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் முகச்சிவப்பும் காயத்துக்கு மேலே வியர்வையும் அதன் அடையாளங்கள். உடனே நிமிர்ந்து அமர்ந்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயைச் சரிபார்க்க வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்கள் காயம் எந்த மட்டத்தில் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இதை அணியில் உள்ள அனைவருக்கும் முதல் நாளே சொல்லிவையுங்கள். (செயல்திறன் கூடும் என்பதற்காக இந்த நிலையை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட வீரர்களும் இருந்திருக்கிறார்கள், சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்துள்ளது.)

வீட்டாரிடம் இன்னொன்றையும் சொல்லலாம். இந்த விளையாட்டு இயக்கமே தண்டுவடக் காயமுற்றவர்களிடமிருந்துதான் வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிவந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். தண்டுவடம் முறிந்தவரைப் படுக்கையிலேயே விட்டுவிடுவது வழக்கமாயிருந்த காலம் அது. அங்கிருந்து 1960-இல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக் வரை 12 ஆண்டுகள்தாம்.

கேள்வி: கூடைப்பந்து வீரர்களுக்குப் 'புள்ளி' கொடுத்து வகைப்படுத்துவது அவமானமில்லையா?

பதில்: இல்லை. உடலை எந்த அளவுக்குத் திருப்பவும் சாய்க்கவும் முடிகிறது என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தருகிறார்கள். களத்தில் உள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு இல்லையென்றால் குறைந்த பாதிப்புள்ள ஐவரையே எல்லா அணிகளும் இறக்கும். கடுமையான பாதிப்புள்ளவர் ஓரத்து இருக்கையிலேயே காலம் கழிப்பார். இப்போது 1 புள்ளி வீரர் அணிக்குத் தேவைப்படுகிறார். குத்துச்சண்டையில் எடைப்பிரிவு வைப்பதை யாரும் அவமானம் என்று சொல்வதில்லையே.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். வகுப்பில் சக்கர நாற்காலி மாணவன் ஒருவன் இருக்கிறான். ஆட்ட நேரத்தில் அவனுக்கு மதிப்பெண் குறிக்கும் வேலை தருகிறேன். விதியை மாற்றினால் மற்ற பிள்ளைகளுக்கு ஆட்டம் கெட்டுவிடும் என்று தோன்றுகிறது.

பதில்: மதிப்பெண் அட்டையை இன்றே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், முறைவைத்து எல்லாப் பிள்ளைகளும் எழுதட்டும். விதியை மாற்றினால் ஆட்டம் கெடும் என்ற உங்கள் அச்சத்துக்குச் சக்கர நாற்காலி டென்னிஸே பதில். அங்கே ஆடுகளம், வலை, மட்டை, பந்து அனைத்தும் வழக்கமானவையே. மாறியிருப்பது ஒன்றுதான், பந்தை இரண்டு முறை எழும்பவிட்டு அடிக்கலாம், இரண்டாவது எழும்பல் கோட்டுக்கு வெளியே இருந்தாலும் செல்லும். நிற்பவரும் நாற்காலியில் அமர்ந்தவரும் எதிரெதிரே ஆடும்போது, நாற்காலிக்காரருக்கு மட்டும் இந்தச் சலுகை, மற்றவருக்கு ஒரே எழும்பல். கூடைப்பந்திலும் வளையத்தின் உயரம் அதே 3.05 மீட்டர்தான், பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறைக்கு மேல் தள்ளக் கூடாது என்பது, காலடிகளை எண்ணுவதற்கு ஈடான விதி. எந்த விதியைத் தொட்டால் அந்த மாணவன் உள்ளே வருகிறான் என்று முதலில் அவனிடமே கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் எல்லோரையும் தரையில் உட்காரவைத்துக் கைப்பந்து ஆடச் சொல்லிப் பாருங்கள். அது பாராலிம்பிக்கில் உள்ள ஆட்டம், வலை தாழ்ந்திருக்கும், பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. அன்றைக்கு மூச்சு வாங்குபவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவன் நான். வயது 61. போட்டியெல்லாம் வேண்டாம்; உடம்பு அசைந்தால் போதும்.

பதில்: நீச்சல். இடுப்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை நீரே தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கனம் குறைந்திருப்பதால் முதலில் உடல் உருண்டுகொடுக்கும். மல்லாந்து மிதந்து பழகினால் சரியாகிவிடும். நீருக்கென்று செய்யப்பட்டதல்லாத செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். மற்றக் காலுக்குக் காலணி போட்டுக்கொள்ளுங்கள், சர்க்கரை நோயாளிக்குத் தரையில் படும் சிறு கீறலும் பெரிய செலவு வைக்கும்.

கேள்வி: பார்வையற்ற நண்பர் ஓட ஆசைப்படுகிறார். நான் வழிகாட்டியாக ஓடலாமா?

பதில்: தாராளமாக. அவரைவிடச் சற்று வேகமாக ஓடக்கூடியவராக நீங்கள் இருக்க வேண்டும். பேசிக்கொண்டே ஓட மூச்சு மிச்சமிருக்க வேண்டுமல்லவா. நீளாத ஒரு குட்டைக் கயிற்றின் இரு முனையிலும் வளையம் போட்டு ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓட வேண்டாம், நடந்து பழகுங்கள். அவருடைய கைவீச்சோடு உங்கள் கைவீச்சு சேரும்வரை கயிறு இருவரையும் படுத்தும். 'பார்த்து' என்று சொல்வதால் பயனில்லை. 'மூன்றடியில் படி, மேலே', 'இடப்பக்கம் வளைவு' என்று சொல்லுங்கள். கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். போட்டியில் இறங்கும் நாள் வந்தால் கடைசிக் கோட்டை அவர்தான் முதலில் தாண்ட வேண்டும். நீங்கள் முந்திவிட்டால் நடுவர் அவரைத் தகுதிநீக்கம் செய்துவிடுவார்.