பால் பண்ணையை மொத்தமாக ஒரே விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: 20 ஏக்கர் பாசன நிலம், 40 மாடுகள், கொட்டகை, கறவை இயந்திரம், பால் குளிரூட்டும் தொட்டி என நடந்துகொண்டிருக்கும் பண்ணை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார்கள். எனக்கு வயது 44. சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்குக் கடன் வாங்க நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: பண்ணை வாங்கும் ஆசையை விட வேண்டாம். ஆனால் அந்த ஒரே விலைக்குத் தலையாட்டாதீர்கள். நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் எவ்வளவு, மாடுகளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நிலம் நிற்கும், இயந்திரம் தேயும், மாடு ஒரே நோயில் போய்விடலாம். மூன்றையும் ஒரே நீண்ட காலக் கடனில் போட்டால், மாடு போன பிறகும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பாசனம்தான் இந்தப் பண்ணையின் உயிர். கறவை மாடு வெயில் காலத்தில் நாளைக்கு 100 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். 40 மாட்டுக்கு 4,000 லிட்டர் என்று வையுங்கள். பெரிய தண்ணீர்போலத் தெரியும். ஆனால் ஒரு ஏக்கர் தீவனப் பயிருக்கு 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே ஒரு முறை பாய்ச்சவே சுமார் 1 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது மொத்த மந்தையும் 25 நாள் குடிக்கும் தண்ணீர். அதனால் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோடையின் உச்சத்தில் மோட்டாரைத் தொடர்ந்து பல மணி நேரம் ஓடவிட்டு, நீர் குறைகிறதா என்று பாருங்கள். உப்புத்தன்மையையும் சோதியுங்கள். கிணறோ கால்வாயோ பங்குள்ளதாக இருந்தால், அந்தப் பங்கு உங்கள் பெயருக்கு மாறுமா என்பது பத்திரத்திலேயே வர வேண்டும். பால் உற்பத்திச் செலவில் பொதுவாகப் பாதிக்கு மேல் தீவனம்தான். தண்ணீர் வற்றிப் பசுந்தீவனத்தை வெளியே வாங்க ஆரம்பித்தால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்து மாடுகள். கன்று ஈன்று சுமார் 10 மாதம் கறந்து, 2 மாதம் வற்றவிடுவதுதான் வழக்கமான சுற்று. அந்தக் கணக்கில் நன்றாக நடக்கும் பண்ணையில்கூட 40-ல் 6, 7 மாடுகள் எப்போதும் கறவையில்லாமல்தான் இருக்கும். நீங்கள் போகும் அன்று 40-ம் கறந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈன்றவையா என்று கேளுங்கள். அப்படியானால் சில மாதங்களில் மொத்தமும் சேர்ந்து வற்றும், தவணை மட்டும் வற்றாது. ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனையாவது ஈத்து, எப்போது சினைப்பட்டது என்ற பதிவேடு வேண்டும். உங்கள் சொந்தக் கால்நடை மருத்துவரை வைத்து மடிநோய், காசநோய், புருசெல்லோசிஸ் மூன்றுக்கும் பரிசோதனை செய்யுங்கள். புருசெல்லோசிஸ் சினை மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும், கறப்பவருக்கும் தொற்றும்.

கறவை இயந்திரத்தில் காம்பைப் பிடிக்கும் ரப்பர் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். குளிரூட்டும் தொட்டி பாலை 4 டிகிரிக்கு எவ்வளவு நேரத்தில் இறக்குகிறது என்பதை ஒரு கறவை நேரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, கடன். விற்பவர் வாயால் சொல்லும் லிட்டரை நம்பாமல், 3 ஆண்டுப் பால் பணம் வங்கிக்கு வந்த கணக்கைக் கேளுங்கள். அதில் மிகக் குறைந்த மாதங்களை எடுத்து, தீவனம், கூலி, மருத்துவம், மின்சாரம், உங்களுக்கான சம்பளம் எல்லாம் கழித்தபின் மிஞ்சுவதில் தவணை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மாடுகளைக் குறைத்து வாங்குங்கள், அல்லது நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குக் கேளுங்கள். பாலை இப்போது எடுப்பவர் உங்களிடமும் எடுப்பாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சேமிப்பு முழுவதையும் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 6 மாதத் தீவனச் செலவும் கூலியும் கையில் இருக்க வேண்டும். ஓய்வுக்காலப் பணம் இந்தக் கணக்குக்குள்ளேயே வரக் கூடாது. மாடுகளுக்கான தொகையில் ஒரு பகுதியை, பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்த பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்கு விற்பவர் மறுத்தால் மாடுகளை விட்டுவிட்டு நிலத்துக்கும் கொட்டகைக்கும் மட்டும் விலை பேசுங்கள்.