அமெரிக்காவில் புதிய நோட்டரி சைனிங் ஏஜென்ட்டுக்கு வேலை எப்படிக் கிடைக்கும்?

வீட்டுக் கடன் தாள்களில் கையெழுத்து வாங்கித் தரும் நோட்டரிதான் சைனிங் ஏஜென்ட். சான்றிதழ் வந்தும் வேலைக்கான போன் வரவில்லையா? முதலில் ஸ்னாப்டாக்ஸ் போன்ற, இந்த வேலை கிடைக்கும் இணையதளங்களிலும், சைனிங் சர்வீஸ் எனும் இடைத்தரகு நிறுவனங்களிலும் பதிந்து, பின்னணிச் சோதனை, இன்சூரன்ஸ் தாள்களை ஏற்றிவையுங்கள். வேலைக்கான அழைப்புக்கு உடனே பதில் சொல்லுங்கள். இடைத்தரகர் பங்கு போகக் கூலி குறைவுதான், ஆனால் கை பழகும்.

அப்புறம் உள்ளூர் டைட்டில் கம்பெனிகளுக்கு (வீட்டின் உரிமையைச் சரிபார்த்து, கடன் கையெழுத்தை ஏற்பாடு செய்பவை) நேரில் போங்கள். நல்ல காசு அங்கேதான். ஜார்ஜியா, தென் கரோலினாவில் கடன் முடிப்பை, அதாவது கடன் தாள்களில் இறுதிக் கையெழுத்திடுவதை, வழக்கறிஞர்தான் நடத்த வேண்டும். அங்கே அவர்களுடைய அலுவலகங்களுக்குப் போங்கள்.

திரும்பக் கூப்பிட வைப்பது சுத்தமான வேலைதான். கடன் தாள்களின் கட்டு பெரும்பாலும் நூறு பக்கம் தாண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் பணம் தாமதமாகும். கடன் வாங்குபவர் குடியிருக்கும் வீட்டுக்கு ரீஃபைனான்ஸ் (பழைய கடனுக்குப் பதில் புதுக் கடன்) என்றால், கடனை ரத்து செய்ய அவருக்கு அவகாசம் தரும் ரத்து உரிமைத் தாளில் மூன்று நாள் கணக்கைப் பாருங்கள்: சனிக்கிழமை சேரும், ஞாயிறு சேராது. எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்த பிறகே மேசையை விட்டு எழுந்திருங்கள்.