அடிவாரத்தில் கிடைத்த வெள்ளை முயல்கள்

வணக்கம். எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, வளர்த்த இரண்டு வெள்ளை முயல்களை ஏற்காடு அடிவாரத்தில் புதரோரம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாய் துரத்துவதைப் பார்த்து நானும் தம்பியும் பிடித்து வந்தோம். எங்கள் வீட்டில் வளர்க்க வசதியில்லை. “மேலே காப்பித் தோட்டத்தில் விட்டுவிடு, குளிர்ச்சி, புல்லுக்கும் பஞ்சமில்லை” என்கிறார் அப்பா. கறிக்கடைக்காரர் ஒருவரும் கேட்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, கன்னங்குறிச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்களும் தம்பியும் செய்தது பெரிய காரியம். தயவுசெய்து மலையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

அப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். சேலத்துச் சித்திரை வெயில் முயலுக்கு ஆகவே ஆகாது என்பதும் உண்மை. ஆனால் சேர்வராயன் மலையின் காட்டு முயல் வேறு இனம். பிடரியில் கருப்பு, உடம்பு காய்ந்த புல்லின் நிறம். வளை தோண்டாது, அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். உங்களிடம் இருப்பவற்றின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். எத்தனையோ தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்தவை. காட்டு முயலோடு இணை சேர்ந்து குட்டி போடவும் முடியாது. அந்த வெள்ளை நிறம் பச்சைப் புதருக்குள் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். நாய், கீரி, காட்டுப்பூனை, கழுகு எதற்கும் தப்பாது. அதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றமும்கூட.

இன்றைக்கே இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டும் பெட்டை என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சின்ன வயதில் கடைக்காரர்களுக்கே ஆண், பெண் பிடிபடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். சினைக்காலம் ஒரு மாதம்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆசையாக ஒரு ஜோடி வாங்கியவர் சில மாதத்தில் திணறிப்போய் அடிவாரம் தேடுவது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

தூக்கும்போது காதைப் பிடிக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கி, உங்கள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். பின்கால் அந்தரத்தில் உதைத்தால் முதுகெலும்பே முறிந்துவிடும். அப்படியே காதுக்குள் பாருங்கள். பழுப்பாகப் பொருக்கு தட்டியிருந்தால் சொறிப்பூச்சி. கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை. நாய்க்கு உண்ணி போக ஊற்றும் ஃபிப்ரோனில் மருந்தை மட்டும் நீங்களாக ஊற்றிவிடாதீர்கள், முயல் செத்துப்போகும்.

சாப்பாடு பெரும்பாலும் புல்தான். பூச்சிமருந்து படாத அருகம்புல், கொழுக்கட்டைப்புல் போதும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எந்நேரமும் மென்றுகொண்டிருக்க வேண்டும். கேரட் ஆசைக்கு ஒரு துண்டு. அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் சுருண்டிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், வீடு தேடுவது. கறிக்கு முயல் வளர்ப்பதும் விற்பதும் ஒரு பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாய் வாயிலிருந்து மீட்டது அதற்காக இல்லையே. ‘முயல் இலவசம்’ என்று எங்கும் போடாதீர்கள், அந்த வழியாகத்தான் கறிக்கு எடுப்பவர்கள் வருவார்கள். கேட்டு வருகிறவர் வீட்டுக்கு ஒருமுறை போய், எங்கே வைக்கப்போகிறார்கள் என்று நேரில் பாருங்கள். மொட்டைமாடித் தகரக் கொட்டகை என்றால் கொடுக்காதீர்கள். கம்பித் தரை என்றால் பலகையோ சாக்கோ விரிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதம் புண்ணாகிவிடும். குழந்தை கேட்கிறது என்று மட்டும் வருபவரிடம், முயல் 8, 10 வருடம் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் வேறு ஆள் பாருங்கள். அவசரம் வேண்டாம். அதுவரைக்கும் நிழலான ஒரு மூலையும் தண்ணீரும் போதும், அப்பாவும் பழகிவிடுவார்.

கொடுக்கும்போது இப்போது தின்கிற புல்லில் இரண்டு மூன்று நாளுக்கு ஆகிறதைக் கட்டிக் கொடுத்தனுப்புங்கள், தீனி திடீரென்று மாறினால் வயிறு கெடும். ஒத்துவரவில்லை என்றால் வேறெங்கும் விடாமல் உங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்லியே கொடுங்கள்.

அன்புடன்.