பட்டாளத்துப் படத்தில் அப்பாயியின் அண்ணன் எவர்?

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தொங்கிய இரண்டாம் உலகப் போர்க்காலப் படம், ஆறு பட்டாளத்துக்காரர்கள். அதில் ஒருவர் அப்பாயியின் அண்ணன், ஆனால் எவர் என்று சொல்ல அப்பாயி இப்போது இல்லை. போன் ஆப்பில் முகத்தைத் தெளிவாக்கிக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். மங்கிய இடத்தில் அந்த ஆப் தானாகவே ஒரு கண்ணையும் மூக்கையும் வரைந்து வைக்கும், நீங்கள் பார்த்து உருகுவது உங்கள் ஆளே இல்லாத ஒரு முகமாக இருக்கும். மலைநாட்டு ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகத்தின் தோலே உரிந்து வந்துவிடும். ஒட்டியது ஒட்டியபடி, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கண்ணாடியோடு படம் எடுங்கள். ஒட்டாமல் கழன்று வந்தால் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

முதலில் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணிதான் மேலே வரும், பதக்க ரிப்பனும் இடது மார்பில்தான். மாறியிருந்தால் படம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது.

அப்புறம் காது. முகம் சதை போடும், மீசை வரும் போகும், காதின் மடிப்பு பெரிதாக மாறாது. காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒப்பிட அவருடைய படமே வேண்டும், பேரன் படம் உதவாது. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் இந்தியா போயிருந்தால் பாஸ்போர்ட்டில் இருக்கும், சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். நிறத்தை நம்பவேண்டாம். அந்தக் காலத்தில் சிவப்பை உணராத ஃபிலிமும் புழங்கியது, அதில் மாநிறம்கூடக் கறுப்பாக விழும். கண்ணில் பயம் தெரிகிறதே என்றும் கதை கட்டாதீர்கள், வெயிலுக்கு முகம் சுளித்தவராகவும் இருக்கலாம்.

தோள்பட்டையில் பித்தளை எழுத்து தெரிந்தால் அது பொன் போன்ற தடயம், எந்தப் படை என்று அதுவே சொல்லும். 1944இல் தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைக்கு வந்தபின் கண்டியைச் சுற்றிப் பல நாட்டுப் படையினர் இருந்தார்கள், அதனால் படம் கண்டியில் எடுத்ததாக இருந்தாலும் அதை வைத்து மட்டும் எந்தப் படை என்று சொல்லமுடியாது. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் வெள்ளைக்காரத் துரைமாரின் படை. அந்தச் சின்னம் இருந்தால் தோட்டத்து ஆளாக இருக்க வாய்ப்பில்லை.

சரி, இவ்வளவும் பார்த்தபிறகு தோட்டத்தில் வயதான யாரிடமாவது காட்டுங்கள். "இவர்தானே?" என்று விரல் வைக்காமல், ஆறு பேரையும் காட்டி "இதில் யாரைத் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.