எட்டுக்குப் பத்து

அன்புள்ள ஐயா,

கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கினேன், சாட்டா கேபிளில் மாட்டும் வகை. அட்டையில் 6 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 6,000 மெகாபிட், என்று போட்டிருக்கிறது. எட்டு பிட் ஒரு பைட் என்றால் நொடிக்கு 750 எம்பி வர வேண்டும். சோதித்துப் பார்த்தால் 540-ஐத் தாண்டவில்லை. போதாததற்கு 1 டிபி என்று விற்றதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. பட்டப்பகலில் ஏமாற்றுகிறார்கள், உங்களைப் போன்றவர்கள் எழுதக் கூடாதா? பிட் கணக்கைப் பைட்டாக மாற்ற ஒரே ஒரு சூத்திரம் இருந்தால் சொல்லுங்கள். அடுத்து இதைவிட வேகமான என்விஎம்ஈ வகை டிஸ்க் வாங்க நினைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

931-ஐ முதலில் முடித்துவிடுகிறேன். விற்றவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. இதில் பேச வேறொன்றும் இல்லை.

வாங்கிய பொருளை உட்கார்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டால் வகுக்கவும் தெரிந்திருக்கிறது. பலருக்குப் பிட்டும் பைட்டும் வேறு என்பதே தெரியாது. ஆனால் வகுத்த கையோடு "திருடன்" என்று கத்துவது என்ன பழக்கம்? கணக்கு இடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணக்கைத்தானே. அட்டையில் இருக்கும் 6 ஜிபிபிஎஸ் வயரின் வேகம். உங்கள் கோப்பின் வேகம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த சாட்டா டேட்டா கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஏழு தொடுமுனைகள். மூன்று கிரவுண்ட். மீதி நான்கில் போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி. க்ளாக்குக்கென்று தனி வயர் கிடையாது. பழைய அகலமான ரிப்பன் கேபிளில் "இப்போது படித்துக்கொள்" என்று சொல்லவே தனி வயர் உண்டு. அது 133 எம்பியோடு நின்றுபோனது. சாட்டாவில் எதிர்முனை, சிக்னல் ஏறி இறங்குவதை வைத்தே நேரத்தையும் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பூஜ்யம் வரிசையாக அப்படியே போனால் சிக்னல் அசையாமல் கிடக்கும். போனது ஆயிரமா, ஆயிரத்து ஒன்றா? எதிர்முனைக்குத் தெரியாது.

இதற்கு ஐபிஎம்மில் இருந்த விட்மரும் ஃப்ரானாசெக்கும் 1983-ல் ஒரு வழியை வெளியிட்டார்கள். எட்டு பிட்டின் 256 வடிவங்களையும் பத்து பிட் வடிவங்களாக மாற்றி அனுப்புவது. ஒரே பிட் ஐந்து தடவைக்கு மேல் தொடராது. ஒன்றும் பூஜ்யமும் ஏறக்குறையச் சமமாகவே போகும். அந்தக் கூடுதல் இரண்டு பிட் இல்லாவிட்டால் மற்ற எட்டையும் நம்பிப் படிக்க முடியாது. ஆக 6,000-ஐப் பத்தால் வகுக்க வேண்டும்: 600. அதிலும் கட்டளை, தலைப்பு, சரிபார்ப்பு, பதில் எல்லாம் போக 540 வருகிறது என்றால் உங்கள் டிஸ்க் கூரையை முட்டிக்கொண்டு ஓடுகிறது.

என் மாமா ஒருவர் தந்தி ஆபீஸில் டெலிபிரிண்டர் அடித்தவர். துண்டு நாடா கொண்டுவந்து கொடுப்பார். குறுக்கே ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஐந்து ஓட்டை. நடுவில் நாடாவை இழுக்கப் பொடி ஓட்டை. ஆங்கில 'ஈ'க்கு ஒரே ஓட்டை. தப்பாக அடித்துவிட்டால் நாடாவைப் பின்னுக்கு இழுத்து அந்த இடத்தில் ஐந்தையும் குத்திவிடுவார், எதிர்முனையில் ஒன்றும் அச்சாகாது. நாடாவில் ஐந்துதான். லைனில் போகும்போதோ முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒன்றரை அளவு நிறுத்தம், மொத்தம் ஏழரை. 50 பாடு (நொடிக்கு ஐம்பது பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு 150 மில்லிசெகண்ட், நொடிக்கு ஏழு எழுத்துகூட வராது. ஐம்பதை ஐந்தால் வகுத்துப் பத்து எழுத்து எங்கே என்று மாமாவின் முன்னால் போய் நின்றிருந்தால் நாடாவாலேயே விளாசியிருப்பார். சேமிப்பில் இருப்பது ஒரு கணக்கு, லைனில் போவது வேறு கணக்கு என்பது அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிறகு வந்த மோடத்திலும் 9600 என்றால் நொடிக்கு 960 எழுத்து. எட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பழைய ஆட்கள் கேட்காமலே பத்தால் வகுப்பார்கள்.

ஒரே சூத்திரம் கேட்டீர்கள், இல்லை. யுஎஸ்பி 3.0-ன் 5 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பத்தால் வகுங்கள், 500 எம்பி. நீங்கள் வாங்க நினைக்கும் என்விஎம்ஈ ஓடும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ். 2010-ல் வந்த அதன் 3.0-ல் 128 பிட்டுக்கு 130 தான் போகிறது. அங்கே எட்டால் வகுத்து நூற்றுக்கு ஒன்றரை கழித்தால் போதும்: நான்கு லேன் (தடம்), லேனுக்கு 8 ஜிபிபிஎஸ், மொத்தம் 32, கையில் சுமார் 3,940 எம்பி.

என்விஎம்ஈ வாங்கும் முன் மதர்போர்டின் மேனுவலைத் திறங்கள். அந்த டிஸ்க்கைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டுமே ஓட்டும், சிலவற்றுக்கு இரண்டே லேன்தான் கொடுத்திருப்பார்கள். "பிசிஐஈ x4", அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்கு லேன், என்று அச்சாகியிருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.