முள் எதைக் காட்டுகிறது?

கேள்வி: என் வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் கேஜில் எண்ணே கிடையாது, ‘சி’, ‘ஹெச்’ என்று இரண்டு எழுத்துதான். ஹெட்லைட் போட்டால் முள் கொஞ்சம் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. இதைக் கழற்றிப் போட்டுவிட்டு மெக்கானிக்கல் கேஜ் மாட்டலாம் என்று இருக்கிறேன். சரிதானா? எங்கே மாட்டுவது?

பதில்: ஹெட்லைட் போட்டால் எஞ்சின் சூடாகாது. எங்கோ எர்த் சரியில்லை. பெட்ரோல் முள்ளும் கூடவே ஆடுகிறதா பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு கேஜுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான், அது கெட்டால் இரண்டுமே சேர்ந்து பொய் சொல்லும்.

மெக்கானிக்கல் கேஜில் இந்தத் தொல்லை இல்லை. பித்தளைக் குமிழ் ஒன்று, அதற்குள் எளிதில் ஆவியாகும் திரவம். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே ஓடும் நீர், சூடானால் குமிழுக்குள் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் மெல்லிய குழாய் வழியாக வந்து கேஜுக்குள் வளைந்திருக்கும் தட்டைக் குழாயை நிமிர்த்தப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளைத் தள்ளுகிறது. வயர் என்று பார்த்தால் ராத்திரி வெளிச்சத்துக்கு மட்டும்தான். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் சூட்டைக் காட்டும். அதனால், தாராளமாக மாட்டுங்கள்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். அந்த முள் காட்டுவது எஞ்சினின் சூட்டை அல்ல, குமிழ் இருக்கும் இடத்தின் சூட்டை. அதனால் இடம்தான் முக்கியம். நல்ல இடம் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட், இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டுக்கு (எஞ்சின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைக்கும் வால்வு) எஞ்சின் பக்கமாக இருக்கும் துளை. பழைய எஞ்சின்களில் ஹெட்டில் மரை போட்டு அடைத்த பிளக் ஒன்று சும்மா இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் குமிழைப் பிடிக்கும் அடாப்டர் வைப்பது சுலபம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அந்த இடம் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும், கேஜோ எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். வேறு வழியே இல்லையென்றால் வையுங்கள், அந்தக் குறையைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

இன்னொரு தப்பு, பழைய சென்சார் இருந்த துளையில் ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு அதில் குமிழை வைப்பது. பழைய சென்சாரும் இருக்கட்டும் இதுவும் இருக்கட்டும் என்ற ஆசைதான் காரணம். டீக்குள் தண்ணீர் ஓடாது, தேங்கி நிற்கும், குமிழும் ஓட்டத்துக்கு வெளியே போய்விடும், எண் எப்போதும் குறைவாகவே வரும்.

கேள்வி: கேஜோடு வந்த செப்புக் குழாய் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம். வெட்டி அளவாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெட்டினீர்கள் என்றால் அன்றோடு கேஜ் முடிந்தது. உள்ளே இருப்பது மூடி அடைத்த திரவம், போனால் போனதுதான். கூர்மையாக மடிந்தாலும் அப்படித்தான். மிச்சக் குழாயை உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓர் இடத்தில் தொங்கவிடுங்கள். ஸ்டார்ட் ஆகும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் எஞ்சின் அசையும், பாடி அசையாது. அந்த அசைவை வாங்கிக்கொள்ள இந்த வளையம் வேண்டும், இல்லாவிட்டால் நாளாக நாளாகக் குழாய் ஒரே இடத்தில் அலுத்துப்போய் வெடித்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஃபேன், ஆக்ஸிலேட்டர் கம்பி, இந்த மூன்றின் பக்கமும் போக வேண்டாம்.

கேஜ் உள்ளே, குமிழ் வெளியே என்பதால் குமிழை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவர்) துளை வழியாக நுழைத்துத்தான் ஆக வேண்டும். குழாய் மெல்லியதுதானே என்று சின்னத் துளை போட்டுவிட்டு விழிக்காதீர்கள், குமிழும் அதன் மேல் ஏறி நிற்கும் நட்டும் சேர்ந்து நுழையும் அளவு வேண்டும். நுழைத்த பிறகு பக்கவாட்டில் வெட்டிய ரப்பர் புஷ் ஒன்றைப் போட்டு அடையுங்கள், தகரத்தின் விளிம்பு குழாயை அறுத்துவிடும்.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். துளைக்குக் கீழே மட்டம் வரும் வரை கூலன்டை வடித்துக்கொள்ளுங்கள். முதலில் அடாப்டரை மட்டும் கையால் திருகிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகினால் மரை வேறாக இருக்கலாம், ஸ்பேனரால் பலவந்தப்படுத்த வேண்டாம், அலுமினிய ஹெட் என்றால் மரை அப்படியே உதிர்ந்து வரும். அடாப்டர் உட்கார்ந்த பிறகு குமிழை நுழைத்துவிடுங்கள். அது உள்சுவரில் இடித்தாலும் ஆகாது, பாதி வெளியே நின்றாலும் ஆகாது. அப்புறம்தான் நட்டு. ஒரு ஸ்பேனரால் அடாப்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள், குழாயை ஒரு கண் பார்த்துக்கொண்டே. நட்டு மட்டும்தான் சுற்ற வேண்டும். குழாயும் கூடவே முறுக ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

கூலன்ட் ஊற்றியதும் ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவைத்து, மூடி போடாமல் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழைச் சுற்றிக் காற்று நின்றால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

கேள்வி: மாட்டியாகிவிட்டது. முன்பு முள் பாதியில் நிம்மதியாக நிற்கும், இப்போது 88, மேட்டில் 97 என்றெல்லாம் காட்டுகிறது. 100 தொட்டால் கொதித்துவிடாதா? பயமாக இருக்கிறது.

பதில்: பழைய கேஜில் எண் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருந்தால் நீங்கள் சொல்லும் அளவுகள் இயல்பானவை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது, அதனால் 100-இல் கொதிக்காது. 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மூடியில் வெறும் தண்ணீரே 110-ஐத் தாண்டித்தான் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ மூடியில் 120 பக்கம், கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. இதெல்லாம் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தால்தான், எனவே அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேஜ் மேலேயே சந்தேகம் என்றால் கொதிக்கும் தண்ணீரில் குமிழை முக்கிப் பார்க்கலாம், பாத்திரத்தின் அடியைத் தொடாமல். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும். உயரமான ஊர் என்றால் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன்பே செய்திருந்தால் நல்லது, இப்போது செய்ய வேண்டுமென்றால் மறுபடி கூலன்டை வடிக்க வேண்டும்.

நான் பயப்படச் சொல்வது வேறு விஷயத்துக்கு. மேட்டில் 105, 108 என்று ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று 70-க்கு விழுந்தால், அப்பாடா, ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலன்ட் கசிந்து மட்டம் குமிழுக்குக் கீழே போயிருக்கலாம், குமிழ் இப்போது வெறும் காற்றில் நிற்கலாம். உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள்.

கேள்வி: அப்படியானால் பழைய சென்சாரை எடுத்துவிடலாமா?

பதில்: அதற்குத் தனித் துளை இருந்தால் விட்டுவையுங்கள், சிவப்பு எச்சரிக்கை விளக்கு அதில் ஓடுகிறதென்றால் கண்டிப்பாக. ஓட்டும்போது யாரும் கேஜையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை.