முன்கூட்டியே எஃப்.சி. காட்டி ஃபெயிலானால்?

வாசகர் கேள்வி – பதில்: வண்டியும் சட்டமும்

கேள்வி: என் மினி லாரிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பிப்ரவரி 10 வரை இருக்கிறது. அப்போது சம்பா அறுவடை மும்முரமாக இருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்ற வண்டி ஒரு நாள்கூட நிற்க முடியாது. அதனால் ஜனவரியிலேயே காட்டிவிட நினைக்கிறேன். “முன்னாடியே காட்டி ஃபெயிலாச்சுன்னா மிச்சம் இருக்கிற நாளும் போயிடும், கடைசி நாள்ல காட்டு” என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மையில்லை. கையில் இருக்கும் தகுதிச் சான்று, அதில் போட்டிருக்கும் தேதி வரை செல்லும். சோதனையில் தேறவில்லை என்பதற்காக அது தானாக ரத்தாகாது. ரத்து செய்வது தனி நடவடிக்கை. மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவுப்படி, வண்டி ஓடும் நிலையில் இல்லை என்று அதிகாரி கருதினால் காரணத்தை எழுத்தில் பதிந்து ரத்து செய்யலாம். 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தக் காரணத்தை உரிமையாளர் தேர்ந்தெடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையமும் உறுதிசெய்ய வேண்டும். அப்படி ரத்தாகிவிட்டால் மட்டும், புதுச் சான்று வாங்கும்வரை வண்டியின் பதிவும் பெர்மிட்டும் சேர்ந்தே முடங்கும்.

மெக்கானிக் கவனிக்க மறந்தது வேறு ஒன்று. சோதனைக்குப் போவதற்கு முன்பு “பிரேக் பைப் அரித்திருந்தது எனக்குத் தெரியாது” என்று ஓட்டுநர் சொல்ல முடியும். போய் வந்த பிறகு சொல்ல முடியாது. 190-ஆம் பிரிவு, பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்ற நிலையிலும், வண்டியை ஓட்டியவரையும் ஓட்டவிட்டவரையும் பிடிக்கிறது. அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதனால் தேறாததற்கான காரணம் பிரேக்கோ ஸ்டியரிங்கோ டயரோ என்றால், சான்றில் இன்னும் 25 நாள் இருந்தாலும் மூட்டை ஏற்றாதீர்கள். ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்தது, வைப்பர் ரப்பர் போனது, நம்பர் பிளேட் விளக்கு எரியாதது போன்றவை என்றால் அன்று மாலையே கடைவீதியில் சரிசெய்துவிடலாம்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். “பிரேக் சரியில்ல, பார்த்துட்டு வாங்க” என்று பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வாயால் சொன்னதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். எந்தச் சக்கரம், எந்தப் பழுது என்று பட்டறையில் சொல்லத் தெரியாமல் நான்கு சக்கரத்தையும் பிரித்துச் செலவு செய்கிறார்கள். சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதே 56-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தாள்தான் மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய வேலைப் பட்டியல். மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால், 57-ஆம் பிரிவின்கீழ் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் அந்தத் தாள் வேண்டும்.

கடைசி நாளில் காட்டி ஃபெயிலானால் இந்த அவகாசம் எதுவும் கிடைக்காது. மறுநாள் காலை வண்டிக்குச் சான்றே இல்லை. சான்றில்லாத வாடகை வண்டி, முறையாகப் பதிவானதாகவே சட்டத்தில் கருதப்படாது. காலாவதிக்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம். உதிரிபாகம் தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர இரண்டு நாள், மறுபடி கட்டணம் கட்டித் தேதி வாங்க சில நாள் என்று அறுவடை நேரத்தில் ஒரு வாரம் கைவிட்டுப் போகும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் காட்டுங்கள். ஃபெயிலானாலும் உங்களிடம் நான்கு வாரமாவது இருக்கும்.

வண்டி எட்டு வயதைத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது போய், ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பள்ளி வேன் ஓட்டுகிறேன். எஃப்.சி. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பள்ளி திறக்கும் முன் மே மாதம் நடந்த கூட்டாய்வில், தரை துருப்பிடித்திருக்கிறது என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகரம் அடித்து மூடிவிட்டால் போதுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: போதாது. எஃப்.சி. கையில் இருக்கிறதே என்று வாதாடவும் வேண்டாம். 2012-இல் சென்னை தாம்பரத்தை அடுத்த பகுதியில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன. மே மாத ஆய்வில் அதிகாரி முதலில் மிதியடியைத் தூக்கிப் பார்ப்பது அதனால்தான்.

கடலோர வண்டிகளில் துரு மேலிருந்து வருவதில்லை, அடியிலிருந்து வருகிறது. உப்புக்காற்றின் ஈரம் தரைத் தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே தங்கும். மேலே ரப்பர் விரிப்பு பளபளவென்று இருக்கும். கீழே தகடு அப்பளம்போல் ஆகியிருக்கும். சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று ஒலிக்கும். அரித்த இடம் ‘பொத்’தென்று அமுங்கும், செதில் செதிலாகத் துரு உதிரும். அமுங்கும் இடம் எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஓட்டை ஒன்றுதான் தெரிகிறது என்றாலும் அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளியும் தட்ட வேண்டும்.

டிங்கர் செய்ய வேண்டிய வேலை: அரித்த பகுதியை உறுதியான இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, பழைய தகட்டின் கனத்துக்குக் குறையாத இரும்புத் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். துருவின் மேல் அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடிப்பது இங்கே வழக்கம். அது ஏமாற்று வேலை. அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். உப்பு ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியமும் சீக்கிரம் பொடிந்துபோகும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். புதிய வண்டியானால் எஞ்சின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். டீசல் டேங்க் பக்கம் தீப்பொறி போகக் கூடாது. அரிப்பு தரையைத் தாண்டி சேசிஸ் சட்டத்துக்கே போயிருந்தால் தெருமுனைப் பட்டறையில் பற்றவைக்க வேண்டாம். சூடு பட்ட இடத்தில் சட்டம் பலமிழக்கும். வண்டிக் கம்பெனியின் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவிக் காயவிடுங்கள். உப்பு தங்கிய இரும்பில் என்ன பெயின்ட் அடித்தாலும் மூன்று மாதத்தில் கொப்பளித்து உரியும். கம்பி பிரஷ், கழுவல், ஒரு நாள் வெயில், ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, அதன்மேல் எனாமல். இந்த வரிசை மாறக் கூடாது. வண்டி அடியில் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பிரேக் டிரம்மிலும் ரப்பர் புஷ்ஷிலும் பட்டுப் புதுப் பழுதை உண்டாக்கும்.

திரும்பக் காட்டும் முன், அவசரக் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து பாருங்கள். தரையைப் பிடித்த அதே துரு கதவுக் கீலையும் பிடித்திருக்கும்.

துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின் அச்சின் பிரேக் பைப் மேல் விழுகிறது. பெட்டியின் வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேசிஸைத் தாண்டி வெளியே வடியும்படி விடுங்கள். ஐம்பது, நூறு ரூபாய்க் குழாய் பிரேக் பைப்பைக் காப்பாற்றும்.

கேள்வி: முதலாளி வண்டிக்கு எஃப்.சி. முடிந்து 12 நாள் ஆகிறது. “நீ ஓட்டு, பிடிச்சா நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். பிடித்தால் யாருக்குப் பாதிப்பு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இருவருக்கும். 192-ஆம் பிரிவு ஓட்டியவர், ஓட்டவைத்தவர் இருவரையும் சொல்கிறது. முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை. மறுமுறை ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ. வண்டியைப் பிடித்து நிறுத்திவைக்கவும் அதிகாரம் உண்டு. முதலாளிக்குப் பெரிய அடி காப்பீட்டில்தான். விபத்து நடந்தால், சான்றில்லை என்பதைக் காட்டி அவருடைய வண்டிச் சேதத்துக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை முதலாளியிடமே திரும்பக் கேட்டு வழக்காடலாம். இந்த 12 நாளுக்குக் கூடுதல் கட்டணம் 600 ரூபாய்தான் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். எஃப்.சி.க்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டி ஓட்டலாம் என்பதும் தவறு. ரசீது பணம் கட்டியதற்கு அத்தாட்சி, ஓட்டுவதற்கு அனுமதி இல்லை.

கேள்வி: லோடு ஆட்டோவில் பிரேக் இடப்பக்கம் இழுக்கிறது என்று ஃபெயிலாக்கினார்கள். இடப்பக்கம் புது பிரேக் ஷூ போட்டேன். இரண்டாவது முறையும் அதே காரணம். ஏன்?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் பிரேக் பிடிக்கவில்லை என்று பொருள். நீங்கள் நன்றாக இருந்த பக்கத்தைப் பிரித்திருக்கிறீர்கள்.

முதலில் இரண்டு பக்க டயரிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். அதிலேயே பாதி பேருக்கு விடை கிடைத்துவிடும். பிறகு இரு பக்க டிரம்மையும் கழற்றி அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வலப்பக்க ஷூ எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது, அல்லது ஹப் சீல் போய் கிரீஸ் இறங்குகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் ஷூ மாற்றினால் புது ஷூவும் அதே கதிதான். எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டவும் கூடாது. சூடானதும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். ஷூ காய்ந்திருந்தால், ஒருவரை மெதுவாகப் பெடலை மிதிக்கச் சொல்லி வீல் சிலிண்டரின் பிஸ்டன் நகர்கிறதா என்று பாருங்கள். வயல் ஓரம் சேற்றில் இறங்கி ஏறும் வண்டிகளில் தண்ணீர் புகுந்து பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். பிஸ்டனும் நகர்கிறது என்றால் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி வழியை அடைத்திருக்கலாம்.

ஷூ மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றிய அன்றே காட்டப் போவதும் தவறு. புது ஷூ டிரம்மின் வளைவுக்குப் பழகும்வரை நடுவில் மட்டும்தான் தொடும். 150, 200 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, பலமுறை மெல்லப் பிரேக் பிடித்து, மறுபடி அட்ஜஸ்ட் செய்துவிட்டுப் போங்கள்.

கைப்பிரேக்கையும் சேர்த்துப் பாருங்கள். நம் பக்கம் ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தை விட்டால் மேடே கிடையாது. கைப்பிரேக்கை யாரும் தொடுவதில்லை, கேபிள் உறைக்குள்ளேயே துருவேறிக் கிடக்கும். வெட்டவெளியில், முன்னே ஆள் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கைப் போட்டு முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கைப்பிரேக் பிடிக்கிறது. வண்டி நகர்ந்தால் பிடிக்கவில்லை.

கேள்வி: அப்பாவின் மொபெட்டுக்கு 15 ஆண்டு முடியப்போகிறது. சேசிஸ் நம்பர் துருவில் தெரியவில்லை. எமரி தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கூடவே கூடாது. எண்ணின் ஓரம் தேய்ந்தால் திருத்திய எண்ணோ என்ற சந்தேகம் வரும். பிறகு மறுபதிவு சிக்கலாகிவிடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எண்ணின் மேல் ஒரு இரவு சுற்றி வையுங்கள். காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசித் துடையுங்கள். பள்ளத்தில் தூள் தங்கி எண் வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அச்சு விழும். படித்து முடித்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.

பதிவு காலாவதியாவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் இருசக்கர வண்டிக்கு மாதம் 300 ரூபாய் கூடும். புதுப்பித்தால் அடுத்த 5 ஆண்டுக்குச் செல்லும்.

கேள்வி: எதிரே வருகிறவர் கண் கூசும்படி ஹெட்லைட் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். பல்பு கம்பெனி பல்புதான்.
– வாசகர், பாபநாசம்

பதில்: பல்பை விட்டுப் பின்பக்கப் பட்டாவை (பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) பாருங்கள். பாரம் ஏற்றி ஏற்றிப் பட்டா தொய்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் கோடிடுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பட்டாவைச் சரிசெய்த பிறகு இதைச் செய்யுங்கள். முதலில் விளக்கைத் திருகிவிட்டுப் பிறகு பட்டாவை மாற்றினால் விளக்கு தரையைப் பார்க்கும்.